இடுப்பில்லாத குளவி

புழு பார்க்க ஈப்போவிலிருந்து வந்திருக்கிறேன் என்று சொன்னால் திண்டுக்கல்லில் யாரும் நம்பவில்லை. பேருந்து நிலையத்தில் என்னை ஏற்றிக்கொண்ட ஆட்டோக்காரர், கையிலிருந்த பூச்சி வலையைப் பார்த்துவிட்டு மீன் பிடிக்கவா என்று கேட்டார். குளத்தில் தண்ணீர் வற்றி ரொம்ப நாளாகிறது என்று எனக்காக வருத்தமும் பட்டார். பூச்சி பிடிக்க என்றேன். கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு, "உங்க நாட்டுல இல்லாத பூச்சியாக்கா எங்க ஊர்ல இருக்கு?" என்றார். அதற்குப் பதில் தெரிந்திருந்தால் நான் விமானமே ஏறியிருக்க மாட்டேன்.

என் வேலை அப்படி. ஈப்போவில் ஒரு கல்லூரியில் பூச்சிச் சேகரிப்பு அறை இருக்கிறது. ஊசி குத்திய பூச்சிகளை இனம் பிரித்து, பேர் எழுதி, இழுப்பறையில் அடுக்கி வைக்கிறவள் நான். ரொம்ப வருஷமாக அதே அறை, அதே பாச்சா உருண்டை வாசனை. என் தம்பி ஸ்டீபன் கட்டியது திண்டுக்கல் பெண்ணை. அவளுடைய அக்கா ஜெசிந்தா, டவுனுக்கு வெளியே ஒரு ஏக்கரில் பன்னீர் ரோஜா போட்டிருக்கிறாள். சில மாதங்களாக இலையையெல்லாம் புழு தின்கிறது, எந்த மருந்துக்கும் சாகவில்லை என்று அவள் படம் எடுத்துத் தங்கைக்கு அனுப்ப, தங்கை எனக்கு அனுப்பினாள்.

படத்தைப் பெரிதாக்கி வயிற்றுக் கால்களை எண்ணினேன். வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சிப் புழுக்களுக்கு வயிற்றில் ஐந்து ஜோடிக் கால்களுக்கு மேல் இருப்பதில்லை. இதற்கு ஆறு. மறுபடி எண்ணினாலும் ஆறுதான். அப்படியானால் இது அந்துப்பூச்சியின் பிள்ளையே இல்லை. ரம்ப ஈ என்று சொல்கிற வேறு கூட்டம். பெண் பூச்சியின் வால் நுனியில் குட்டியாக ஒரு ரம்பம் இருக்கும். அதனால் செடியின் தண்டைக் கீறி உள்ளே முட்டை வைக்கும். ரம்ப ஈயில் எத்தனையோ இனங்கள். எந்த இனம் என்று புழுவைப் பார்த்துச் சொல்ல முடியாது, தாயைப் பிடித்து ரம்பத்தின் பல்லைப் பார்த்தாக வேண்டும். தாயை யாரும் படம் எடுத்து அனுப்பவில்லை.

தம்பி மனைவி ஒரு நாள் அழுதுகொண்டே வந்தாள். ஜெசிந்தாவின் கணவர் ஆரோக்கியசாமி, பொறுத்தது போதும் என்று திங்கட்கிழமைக்கு ஜேசிபி சொல்லிவிட்டாராம். ரோஜாவை வேரோடு எடுத்துவிட்டு நிலத்தைச் சும்மா போடப் போகிறாராம். தோட்டம் போனால் ஜெசிந்தா மறுபடியும் நூல் மில்லுக்கு வேன் ஏற வேண்டும். கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் அந்த மில்லில் பஞ்சுத் தூசிக்குள் நின்று இளைப்பு வாங்கியவள் அவள். ரோஜா பூக்க ஆரம்பித்த பிறகுதான் அங்கிருந்து வெளியே வந்தாள், மூச்சையும் ஒழுங்காக விட்டாள். இதைக் கேட்ட பிறகு என்னால் இழுப்பறையை மூடிவிட்டுச் சும்மா உட்கார முடியவில்லை. லீவு போட்டேன். புழுவுக்காக ஒரு டிக்கெட்டா என்று தம்பி கேலி செய்தான்.

ஆட்டோ நாகல் நகர் வரைதான் வந்தது. அங்கிருந்து மினி பஸ் போகும் என்று இறக்கிவிட்டார். எங்கள் ஊர்ப் பேருந்தில் ஏறினால் ஏசி குளிரில் எல்லாரும் தூங்கிக்கொண்டு வருவார்கள். இங்கே ஏறியதுமே ஒரு பாட்டு, அதற்கு மேல் கண்டக்டரின் விசில், அதற்கும் மேல் யாரோ கொண்டுவந்த கோழி. வலையைக் கண்டக்டர் வாங்கிக் கூரைமேல் போட்டார். சவேரியார்பட்டி வந்தால் சொல்லுங்கள் என்றேன், சரி என்றார். வழியெல்லாம் பட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு கோயிலோ மாதா சிலை வைத்த கெபியோ, ஒரு டீக்கடை, ஒரு புளியமரம். எதை எதிலிருந்து பிரிப்பது என்றே எனக்குப் புரியவில்லை. கூட்டத்தில் யாரோ "எறங்குங்க, எறங்குங்க" என்றதும் நானும் இறங்கிவிட்டேன். பஸ் கிளம்பிய பிறகுதான் அது வேறு பட்டி என்று தெரிந்தது. என் வலை கூரைமேல் உட்கார்ந்து சரியான ஊருக்குப் போய்ச் சேர்ந்தது.

அங்கிருந்த டீக்கடைக்காரர் நல்ல மனுஷன். என் போனை வாங்கி ஆரோக்கியசாமியிடம் பேசினார். "செத்த நேரம் ஒக்காருங்கம்மா, குட்டி யானைல வந்துக்கிட்டு இருக்காரு" என்றார். எனக்குத் திக்கென்றது. இந்த வயதில் யானைமேல் எப்படி ஏறுவது, சேலையா கட்டியிருக்கிறேன் சுடிதார்தானே, சமாளித்துவிடலாமா என்றெல்லாம் யோசித்துக்கொண்டே டீ குடித்தேன். எங்கள் ஊரில் ஆற்றித் தரும் தே தாரிக் டீயின் இனிப்பு அப்படியே இருந்தது, அளவு மட்டும் கால்வாசி. கடைசியில் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றது ஒரு சின்ன லோடு வண்டி. அதைத்தான் இங்கே குட்டி யானை என்கிறார்கள். வளைந்துபோன கைப்பிடியோடு என் வலை பின்னால் கிடந்தது.

ஆரோக்கியசாமி தாட்டியான ஆள், பேச்சு குறைவு. என்னை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். பிறகு ரோட்டைப் பார்த்தபடியே, "நீங்க இம்புட்டு தூரம் வந்ததுக்கு சந்தோசம்க்கா. ஆனா ஜேசிபிக்குச் சொன்னது சொன்னதுதான்" என்றார். லோடு ஓட்டிச் சம்பாதிப்பதையெல்லாம் மருந்துக் கடையில் கொண்டுபோய்க் கொட்டுவதாகவும், புழு மட்டும் கொழுத்துக்கொண்டே போவதாகவும் சொன்னார். அவர்மேல் கோபப்படலாம் என்றுதான் வந்திருந்தேன். கோபம் வரவில்லை.

ஜெசிந்தா மெலிந்த உடம்பு, விறுவிறுவென்று நடப்பாள். வாங்க மதினி என்று கையைப் பிடித்துக்கொண்டவள் சாப்பாடு முடியும் வரை விடவில்லை. வெஞ்சனத்துக்கு என்ன வைக்க என்று கேட்டாள். நான் முழித்தேன். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் கறியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று பிறகு விளங்கியது. கத்தரிக்காய் வைத்தாள். பக்கத்திலேயே உட்கார்ந்து, தாழ்ந்த குரலில், "பேரு கண்டுபிடிச்சிட்டா வழி கெடைச்சிரும்ல மதினி?" என்று கேட்டாள். கிடைத்துவிடும் என்றேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு எதையும் சொல்ல வரவில்லை.

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்னாலேயே முழிப்பு வந்துவிட்டது. உடம்பு இன்னும் ஈப்போ நேரத்தில் இருந்தது. வீட்டில் யாரோ நடமாடும் சத்தமும், கதவை மெதுவாகச் சாத்தும் சத்தமும் கேட்டன. எழுந்து போனால் அவர்களுக்குத் தொந்தரவாக இருக்கும் என்று படுத்தே கிடந்தேன். மதினி தூங்கட்டும் என்று அவர்கள் அடிமேல் அடி வைத்து நடந்திருக்கிறார்கள். மறுநாளும் இதே கதைதான். இந்த மரியாதையில் இரண்டு விடியற்காலைகள் வீணாய்ப் போனது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வெயில் ஏறிய பிறகு தோட்டத்துக்குப் போனோம். எங்கள் நாட்டில் தோட்டம் என்றால் ரப்பரோ எண்ணெய்ப் பனையோ, கண்ணுக்கெட்டிய வரை போய்க்கொண்டே இருக்கும். இங்கே நாலு பக்கமும் சீமைக்கருவேல வேலி, நடுவில் ஒரு ஏக்கர், தூரத்தில் நீலமாகச் சிறுமலை. இதையும் தோட்டம் என்றுதான் சொல்கிறார்கள். ரோஜாச் செடிகளில் பல வெறும் நரம்போடு நின்றன. இலை விளிம்பில் புழுக்கள் பிரேயருக்கு நிற்கிற பிள்ளைகள் மாதிரி வரிசையாக ஒட்டிக்கொண்டு தின்றன. மஞ்சள் கலந்த பச்சை, உடம்பெல்லாம் கரும்புள்ளி. செடியைத் தட்டினால் எல்லாம் ஒரே நேரத்தில் வாலைத் தூக்கி வளைத்துக் காட்டின. ரம்ப ஈப் புழு செய்கிற வேலைதான் அது. எனக்கு ஒரே குஷி. ஜெசிந்தா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

அந்தக் குஷி மத்தியானம் வரைக்கும்கூட நிற்கவில்லை. வளைந்த வலையைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாக ஓடினேன். தேனீ விழுந்தது, தும்பி விழுந்தது, பேர் தெரியாத ஈக்கள் விழுந்தன. இரண்டு கையிலும் முள் கிழித்தது. ரம்ப ஈ ஒன்றுகூட விழவில்லை. ஒரு ஏக்கர் முழுக்கப் பிள்ளைகள் தின்றுகொண்டிருக்க, தாய் மட்டும் எங்கே போயிருக்கும்? படத்தில் காலை எண்ணியது தப்பாக இருக்குமோ என்று இன்னொரு தடவை லென்ஸ் வைத்து எண்ணிப் பார்த்தேன். ஆறு ஜோடிதான்.

சாயங்காலம் ஆரோக்கியசாமி என்னை டவுனில் மருந்துக் கடைக்குக் கூட்டிப் போனார். கடைக்காரர் புழுவுக்குக் கொடுத்திருந்தது ஒரு பாக்டீரியா மருந்து. மற்ற பூச்சிக்குக் கெடுதல் செய்யாது, இயற்கை விவசாயத்துக்கு ஏற்றது என்று ஜெசிந்தாவே கேட்டு வாங்கியதாம். அது அந்துப்பூச்சிப் புழுவைத்தான் கொல்லும், இந்தப் புழுவை ஒன்றும் செய்யாது என்று விளக்கினேன். புழு என்றால் புழுதானே என்றார் அவர். இல்லை, இது குளவிக்கும் தேனீக்கும் பங்காளி முறை என்றேன். அவர் ஆரோக்கியசாமியைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் கொல்லுகிற ஒரு மருந்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். திரும்பும்போது ஆரோக்கியசாமி, அந்த மருந்தை ஏற்கனவே ஒரு தடவை அடித்துப் பார்த்தாயிற்று, பூவெல்லாம் நாறி வியாபாரி திருப்பிவிட்டார், கொஞ்ச நாளில் புழுவும் வந்துவிட்டது என்றார். அதற்கப்புறம் நல்ல பூச்சி செத்துப்போகும் என்று ஜெசிந்தா அதைத் தோட்டத்துக்குள் விடுவதே இல்லையாம். அந்தப் பேச்சை எடுத்தாலே வீட்டில் சண்டைதான் என்றார்.

சனிக்கிழமை மண்ணைத் தோண்டினேன். இந்தப் புழு வளர்ந்ததும் மண்ணுக்குள் இறங்கிக் கூடு கட்டும். ஜெசிந்தாவின் மாவுச் சல்லடையை வாங்கி, செடிக்குச் செடி உட்கார்ந்து சலித்தேன். பழுப்பாகச் சில கூடுகள் கிடைத்தன. பத்திரமாக ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன். அதற்குள்ளிருந்து தாய் எப்போது வெளியே வரும் என்று ஜெசிந்தா கேட்டாள். அதற்குத் தோன்றுகிறபோது வரும், திங்கட்கிழமைக்குள் வராது. இதை எப்படி அவளிடம் சொல்வது? பார்க்கலாம் என்றேன்.

ஈப்போவில் என்னோடு வேலை பார்க்கும் லிம்முக்குப் படம் அனுப்பினேன். அவன் உடனே கேள்விகளாக அனுப்பினான். இறக்கை கறுப்பா, கண்ணாடி மாதிரியா? பின்னங்கால் மஞ்சளா? வயிற்றில் கோடு உண்டா? இனம் பிரிக்கிற வழியே அப்படித்தான், ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால்தான் அடுத்த கேள்விக்குப் போக முடியும். முதல் கேள்வியிலேயே நான் நின்றுகொண்டிருந்தேன். என்னிடம் இறக்கையும் இல்லை, காலும் இல்லை, மூடிய கூடு மட்டும் இருக்கிறது என்று எழுதினேன். அதற்கு அவன் ஒரு சிரிப்புப் படம் அனுப்பினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் முகத்தைப் பார்த்து ஆரோக்கியசாமிக்கே பாவமாகிவிட்டது போல. பேகம்பூரில் ஒரு லோடு இறக்கப் போகிறேன், வாங்க, பிரியாணி வாங்கித் தருகிறேன் என்றார். எங்கள் ஊர் பிரியாணியில் நீள நீளமான அரிசி தனியாக, கறி தனியாக, மேலே முந்திரி கிடக்கும். இங்கே அரிசி சீரகம் அளவுக்குத்தான் இருக்கிறது. கறியும் அரிசியும் ஒன்றாகவே வெந்து, மிளகு காரம் தொண்டையில் நிற்கிறது. தாளிச்சா என்கிற பருப்புக் குழம்பைப் பாயாசம் என்று நினைத்துக் கடைசிக்கு ஒதுக்கி வைத்தேன், பரிமாறியவர் அதைச் சோற்றில் ஊற்றிவிட்டுப் போனார். ஒன்றும் புரியாமலே இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

பக்கத்து மேஜையில் இரண்டு பெரியவர்கள் பெண் பார்த்துவிட்டு வந்த கதையைப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர், "பேரு தெரியுது பாய், ஊரு தெரியுது, குடும்பம் தெரியுது. ஆளு எப்படின்னுதான் தெரியல" என்று குறைப்பட்டுக்கொண்டார். எழுந்து போய் என் கதையைச் சொல்லலாமா என்றிருந்தது. எனக்குக் குடும்பம் மட்டும்தான் தெரியும், பேரும் தெரியாது, ஆளும் கண்ணில் படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை என் மரியாதை தீர்ந்துபோனது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மெதுவாகக் கதவைத் திறந்து வெளியே வந்தேன். இருட்டு அப்போதுதான் கலைந்துகொண்டிருந்தது. ஜெசிந்தா நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு பூப் பறித்துக்கொண்டிருந்தாள். காற்று நன்றாகக் குளிர்ந்திருந்தது. என்னைப் பார்த்து, தூக்கம் கெட்டுவிட்டதா மதினி என்று பதறினாள். இரண்டு நாளாக நான் இந்த நேரத்துக்கு முழித்துக்கொண்டுதான் கிடக்கிறேன் என்றதும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கும்தான்.

சிரித்துக்கொண்டே பக்கத்துச் செடியைப் பார்த்தேன். இளம் தண்டில் ஒரு பூச்சி தலைகீழாக அசையாமல் உட்கார்ந்திருந்தது. ஆரஞ்சு வயிறு, கறுத்த இறக்கை. அடுத்த செடியில் இரண்டு. அதற்கடுத்த செடியிலும். கையை நீட்டினேன்.

"தொடாதீங்க மதினி. அது நம்ம ஆளு" என்றாள் ஜெசிந்தா.

செடிகளுக்கு நடுவே குச்சி நட்டு, அதில் கொட்டாங்குச்சிகளைக் கட்டியிருந்தாள். ஒரு சொம்பிலிருந்து ஒவ்வொன்றிலும் நாட்டுச் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தாள். இயற்கை விவசாய முகாம் ஒன்றுக்குப் போயிருந்தாளாம். குளவி விவசாயிக்கு நண்பன், புழுவைப் பிடித்துத் தின்னும், அதற்குக் குடிக்க இனிப்பு கிடைத்தால் தோட்டத்திலேயே தங்கும் என்று அங்கே சொன்னார்களாம். சொன்னதில் தப்பே இல்லை. அன்றிலிருந்து தினமும் பூப் பறிக்கும்போது வைத்துவிட்டு, வெயில் ஏறினால் எறும்பு வந்துவிடும் என்று கொட்டாங்குச்சிகளை மட்டும் எடுத்துவிடுவாளாம். இந்தக் குளவிகள் சாகக் கூடாது என்றுதான் கணவரோடு சண்டை போட்டு அந்த மருந்தைத் தடுத்திருக்கிறாள். "பாருங்க, நான் பக்கத்துல போனாக்கூடப் பறக்காது. பழகிருச்சு" என்றாள் பெருமையாக.

முதலில் எனக்கும் குளவி மாதிரிதான் தெரிந்தது. கொட்டாங்குச்சி ஒன்றில் நிஜக் குளவியும் ஒன்று குடித்துக்கொண்டிருந்தது, அதனால் இன்னும் குழம்பினேன். அந்தக் குளவிக்கு வயிறு ஆரம்பிக்கிற இடத்தில் நூல் மாதிரி இடுப்பு. தண்டில் இருந்ததைக் குனிந்து பார்த்தேன். இடுப்பே இல்லை. தோளிலிருந்து வால் வரை ஒரே சீர். லென்ஸை எடுத்து உணர்கொம்பைப் பார்த்தேன், மூன்றே கணு, கடைசிக் கணு மட்டும் நீளம். வால் நுனி தண்டுக்குள் இறங்கியிருந்தது. அது ஏற்கனவே அறுத்த இடம் தையல் போட்ட மாதிரி வரிசையாகத் தெரிந்தது. பழகிப்போய் உட்கார்ந்திருக்கவில்லை அது. குளிருக்கு ஒடுங்கி, முட்டை வைத்துக்கொண்டிருந்தது.

கண்டுபிடித்துவிட்டேன் என்று நெஞ்சு குதித்தது. அடுத்த நொடி ஜெசிந்தாவைப் பார்த்தேன். ஒரு கொட்டாங்குச்சி சாய்ந்திருந்ததை அவள் நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள்.  நல்லா இருக்கு என்று என்னவோ உளறிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

மாதா கோயில் பூசையில் சாமியார் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. எழுந்து நிற்கிறபோது உட்கார்ந்தேன், உட்கார்கிறபோது நின்றேன். சொல்லாமல் விட்டால் தோட்டம் போகும். சொன்னால், பல மாதமாகத் தோட்டத்தைக் காப்பாற்றுகிறோம் என்று நம்பி அவள் செய்ததெல்லாம் இந்தப் பூச்சிக்குத்தான் என்று ஆகும். சர்க்கரைத் தண்ணீர் இல்லாவிட்டாலும் அது வந்துதான் இருக்கும். ஆனால் அதனால் கூடியதா இல்லையா என்று என்னால் சொல்ல முடியாது. ஆரோக்கியசாமிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதும் விளங்கவில்லை. பக்கத்தில் ஜெசிந்தா கண்ணை மூடி முட்டி போட்டிருந்தாள். எதற்காக வேண்டுகிறாள் என்று எனக்குத் தெரியும்.

வெயில் ஏறுவதற்குள் பூசை முடிந்துவிட்டதால், வரும் வழியில் தோட்டத்துக்குள் போய், கீறல் விழுந்த தண்டு ஒன்றைப் பிளந்து படம் எடுத்துக்கொண்டு, இன்னும் ஒடுங்கிக் கிடந்த ஒரு பூச்சியைக் கையால் பிடித்தேன். அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவள் முன்னால் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோனது. உன் நண்பன் இல்லை இது, புழுவோட அம்மா இதுதான் என்று போட்டு உடைத்துவிட்டேன். இல்லவே இல்லை, குளவிதான், முகாமில் படம் போட்டுக் காட்டினார்கள் என்றாள். நான் மூடியிருந்த கையைத் திறந்து காட்டினேன். கொட்டவில்லையா என்று பின்னால் நகர்ந்தாள். கொட்டக் கொடுக்கே கிடையாது என்றேன்.

எவர்சில்வர் தட்டில் அதைப் பிடித்து வைத்து, போனில் லென்ஸை மாட்டி, ஊசி முனையால் வயிற்றை மெல்ல அழுத்தினேன். வால் நுனியிலிருந்து ரம்பம் வெளியே வந்தது. பல்லெல்லாம் திரையில் பளிச்சென்று தெரிந்தது. ஜெசிந்தா குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள். நான் தண்டில் இருந்த கீறலையும், முட்டையையும், ஒவ்வொன்றாகப் படத்தில் காட்டினேன். 

"அப்ப இம்புட்டு நாளும் நான் யாருக்கு மதினி சோறு போட்டேன்?" என்றாள்.

நிமிர்ந்து பார்த்தால் வாசலில் ஆரோக்கியசாமி நின்றுகொண்டிருந்தார். கையில் கறி வாங்கிய பை. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். இதோ ஆரம்பிக்கப் போகிறது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் பையை வைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, வெளியே போய் வண்டிக்கு அடியில் படுத்து என்னவோ ரிப்பேர் பார்க்க ஆரம்பித்தார். கோபமா, இரக்கமா, ஒன்றுமே இல்லையா என்று எனக்குப் பிடிபடவில்லை. அன்றைக்குக் கறிக்குழம்பு நன்றாக இருந்தது என்றுதான் நினைக்கிறேன். 

லிம்முக்கு ரம்பத்தின் படத்தை அனுப்பினேன். இப்போது அவனுடைய கேள்விகளுக்கெல்லாம் என்னிடம் பதில் இருந்தது. ஆர்கே என்கிற பேரினம் என்பது வரை இரண்டு பேரும் வேகமாக வந்துவிட்டோம். அதற்குப் பிறகு வழி அடைத்துக்கொண்டது. இறக்கை ஒரு இனத்தோடு ஒத்துப்போனது, கால் இன்னொன்றோடு, ரம்பத்தின் பல் இரண்டோடும் சேரவில்லை. பூச்சியையே கொண்டுவா என்றான். அனுமதி இல்லாமல் இதன் ஒரு காலைக்கூட நான் நாடு தாண்டிக் கொண்டுபோக முடியாது. படம் மட்டும்தான் என்றேன். அப்படியானால் பேர் இப்போதைக்கு இல்லை என்றான். பேர் தெரிந்தால் வழி கிடைத்துவிடும் என்று வந்த அன்றைக்கு நான் வாய்கூசாமல் சொன்னது காதிலேயே கேட்டுக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை, சொன்னபடி ஜேசிபி வந்துவிட்டது. வேலிக்கு வெளியே உறுமிக்கொண்டு நின்றது. எந்தப் பக்கமிருந்து ஆரம்பிக்க என்று டிரைவர் மேலேயிருந்து கேட்டார். ஆரோக்கியசாமி என் பக்கம் திரும்பினார். "ஒரே வார்த்தைல சொல்லுங்கக்கா. இதப் புடிச்சா புழு நிக்குமா?"

என் வேலையில் ஒரே வார்த்தையில் எதையும் சொல்வதில்லை. இருக்கலாம், ஒத்திருக்கிறது, உறுதியில்லை என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம். இது எந்த இனம் என்று எனக்குத் தெரியவில்லை என்று முதலில் சொன்னேன். ஆண் பூச்சி சேராவிட்டாலும் இது முட்டை வைக்கும், ஆனால் தாய் இல்லாமல் புழு கிடையாது. வெயில் ஏறினால் எங்கோ பறந்துவிடுகிறது, விடியற்காலைக் குளிரில் பறக்காது, பூப் பறிக்கிற கையாலேயே எடுத்துவிடலாம். கீறல் விழுந்த தண்டை வெட்டி எரிக்க வேண்டும், மண்ணைக் கிளறி விட வேண்டும். தினமும் செய்ய வேண்டும், எத்தனை நாளைக்கு என்று தெரியாது. நிற்கும் என்றுதான் நினைக்கிறேன் என்றேன். "நெனைக்கிறீங்களா, தெரியுமா?" என்றார். நினைக்கிறேன் என்றேன். அவர் முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டார். டிரைவர் ஹாரன் அடித்தார்.

ஜெசிந்தாவைக் காணவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. தோட்டத்துக்குள் போய்ப் பார்த்தோம். குச்சிகளையெல்லாம் பிடுங்கி ஓரமாகப் போட்டிருந்தாள். நடுவரிசையில் ஒரு செடிக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். காலடியில் வாளி, அதில் சோப்புத் தண்ணீர். ஒரு கையைப் பொத்தி நெஞ்சோடு வைத்திருந்தாள். முள் குத்திவிட்டதோ என்று பயந்து கிட்டே போனேன். விரலிடுக்கில் கறுப்பு இறக்கைகள் தெரிந்தன. வாளிக்குள் ஒரு பூச்சிகூட இல்லை. எப்போதிலிருந்து அப்படி நிற்கிறாளோ, மூச்சு லேசாக இளைத்தது.

அவள் என்னைப் பார்க்கவில்லை. பொத்திய கையைக் கணவரிடம் நீட்டினாள்.

"நீங்க போடுங்க" என்றாள். "நான் சோறு போட்டவ. என் கையால முடியல."

ஆரோக்கியசாமி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வேலிப் பக்கம் திரும்பி, வந்ததுக்குக் கருவேலத்த மட்டும் எடுத்துட்டுப் போப்பா, ரோசாவுல கை வைக்காத என்று டிரைவருக்குக் கேட்கும்படி சொன்னார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வாளிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். உள்ளங்கையை விரித்து நீட்டினார்.

"குடு" என்றார்.